பைன் காட்டு வெள்ளைப் பாறை

ஏலக்காட்டில் இருபத்தாறு வருடம் குனிந்த முருகேஸ்வரிக்கு, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒருவர் சம்பளம் தருவார் என்பதில் முதல் வாரம் முழுக்க நம்பிக்கை வரவில்லை. நாலாவது வாரத்தில் வந்துவிட்டது. கூடவே, இந்த வேலை கையை விட்டுப் போய்விடக் கூடாது என்ற பயமும் வந்துவிட்டது.

வேலை இதுதான். இடுக்கி மலையில் சக்குபள்ளத்துக்கு மேலே, ஏல எஸ்டேட்டுக்கு எதிர்ச்சரிவில் பைன் காடு இருக்கிறது. அதில் யோகப்பிரியா கயிற்றைச் சதுரமாகக் கட்டுவாள். சதுரத்துக்குள் என்ன முளைத்திருக்கிறது என்று இருவரும் பார்ப்பார்கள். முருகேஸ்வரி தனக்குத் தெரிந்த பேரைச் சொல்வாள். யோகப்பிரியா அதற்கு வாயில் நுழையாத இன்னொரு பேரை எழுதிக்கொள்வாள். மதியம் சோறு. மறுபடி கயிறு. தலையில் சுமையில்லை, காலில் அட்டை குறைவு, பின்னால் நின்று விரட்ட ஆளில்லை. முருகேஸ்வரியின் வலது கால் மூட்டு ஒரு வருடமாக மடங்க மறுத்துக்கொண்டிருந்தது. ஏலச்சரிவில் ஏறி இறங்க அது இனி ஆகாது. இங்கே பிளாஸ்டிக் உரச்சாக்கை மடித்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளலாம். அந்தச் சாக்கு முதல் நாளே வந்துவிட்டது. அன்று உதிர்ந்து கிடந்த பைன் ஊசியிலையில் கால் வைத்தவள் உட்கார்ந்தபடியே பதினைந்தடி சறுக்கிப் போய், யோகப்பிரியாவின் டிபன் பாக்ஸ் மேல்தான் நின்றாள்.

யோகப்பிரியா பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்காரி. தென்னையும் நெல்லும் வைத்திருக்கிற வீடு. ஆராய்ச்சிப் படிப்புக்காக ஆனைக்கரையில் ஒரு மாடி அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சின்ன வயசுதான். ஆனாலும் முருகேஸ்வரியை வார்த்தைக்கு வார்த்தை அக்கா என்பாள், வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ போடுவாள். முதலில் மேடம் என்று கூப்பிட்டுப் பார்த்த முருகேஸ்வரி, அந்த டிபன் பாக்ஸ் சமாச்சாரத்துக்குப் பிறகு பாப்பா என்று மாற்றிக்கொண்டாள்.

பைன் அந்த மலையின் மரம் இல்லை. காகித ஆலைக்காக அரசாங்கம் கொண்டுவந்து நட்டது. ஆலை வரவில்லை, மரம் நின்றுவிட்டது. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது சொர்க்கம், படமெடுத்துப் போகிறார்கள். செடிகொடிக்கு அது கட்டாந்தரை. வருடக்கணக்கில் உதிர்ந்த ஊசி ஒரு சாண் கனத்துக்கு மெத்தைபோலக் கிடக்கும். மக்காது. மக்குகிற கொஞ்சமும் மண்ணைப் புளிக்க வைக்கும். மண்புழு கிடையாது, நத்தை கிடையாது. ஒரு சதுரத்தில் இரண்டு பெரணி, மூன்று புல். பல சதுரங்களில் அதுவும் இல்லை. ஒன்றுமில்லை என்று எழுதுவதற்கும் ஒரு படிப்பு இருக்கிறதே என்று முருகேஸ்வரி வியந்திருக்கிறாள்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை அவர்கள் ரோட்டு வளைவுப் பக்கம் வந்தார்கள். அங்கே காடு மாறியது. ஒரு வீட்டு மனை அளவு இடம். அதே பைன்தான், அதே நிழல்தான். கீழே மட்டும் யாரோ பச்சையைக் கொட்டிவிட்டதுபோல இருந்தது. கறுப்புக் காம்புப் பெரணி இடுப்பளவு அடர்ந்து நின்றது. காட்டுக் காசித்தும்பை ரோஜா நிறத்தில் பூத்திருந்தது. மலையில் ஞாவல் என்கிற நாவல் கன்று, செண்பகக் கன்று, வட்டக்கண்ணி மரக்கன்று. தரையோடு தரையாக ஆர்க்கிட் ஒன்று. ஊசி மக்கி மண் கறுத்திருந்தது. இலைக்கு இலை நத்தை. நத்தையைக் கொத்த ஏழெட்டுப் பறவைகள்.

யோகப்பிரியா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நின்றாள். பிறகு மண்டியிட்டு மண்ணைக் கிளறினாள். வெள்ளையாக ஒரு கட்டி கிடைத்தது. பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்து அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டாள். சோடாவைப்போல நுரைத்துப் பொங்கியது.

“அக்கா, இது சுண்ணாம்புப் பாறைங்க” என்றாள்.

முருகேஸ்வரி வளைவைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள், கட்டியைப் பார்த்தாள். அவளுக்கு இடம் தெரிந்துவிட்டது.

அன்று மதியம் சோறு இறங்காமல் யோகப்பிரியா பேசிக்கொண்டே இருந்தாள். வடக்கே இமயமலை அடிவாரத்தில் சுண்ணாம்புப் பாறை மேல் தானாக முளைத்த பைன் காடுகள் உண்டாம். ஊசி புளிக்க வைக்கிற மண்ணைப் பாறை முறித்துக்கொண்டே இருக்குமாம். அதனால் அங்கே பைனுக்கு அடியில் பூவும் பெரணியும் ஆர்க்கிடும் நிறைந்திருக்குமாம். நத்தைக்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு கிடைப்பதால் நத்தை சேரும், நத்தைக்குப் பறவை வரும். இடுக்கி மலையில் அப்படி ஒரு துண்டு இருக்கிறதென்று இதுவரை யாரும் எழுதியதில்லையாம். இது மட்டும் நிஜமென்றால் ஆராய்ச்சியை இன்னும் இரண்டு வருடம் நீட்டித் தருவார்கள் என்றாள்.

“அப்ப எனக்கு?” என்று முருகேஸ்வரி கேட்டாள்.

“உங்களுக்கும் ரெண்டு வருசமுங்க்கா. உங்களை உட்டா எனக்கு யாருங்க இருக்கறாங்க?”

இரண்டு வருடம். மூட்டு மடங்க வேண்டாம். முருகேஸ்வரி வாயில் சோற்றை அடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வேலை முடித்து வரும் சாந்தம்மாளை எஸ்டேட் குடியிருப்பான லயத்துக் குழாயடியில் பிடித்தாள். சாந்தம்மாள் அவளுக்கு மதினி முறை, இன்னும் அதே எஸ்டேட்டில் மலையாளி சூப்பர்வைசர் ஜின்சனுக்குக் கீழே வேலை பார்க்கிறவள். விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரித்த சிரிப்பில் குடம் நிரம்பி வழிந்தது. சிரித்து முடித்ததும் கண்டிப்பாகச் சொன்னாள். பாறைன்னு சொல்றாகளா, பாறையாவே இருக்கட்டும். வாயத் திறந்தா உனக்கு வேலை போகும், எனக்கு ஜின்சன் சார் சீட்டுக் கிழிப்பாரு. பன்னெண்டு வருசமா மூடுன வாயி, அப்படியே கெடக்கட்டும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. மே மாதக் கடைசி. மழைக்கு முன்னால் ஏலச்செடிக்குச் சுண்ணாம்புத் தூள் போட வேண்டும். லாரி எண்பது சாக்கைப் பைன் காட்டு வளைவில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஜீப் தடம் அறுந்திருந்ததால் அதற்கு மேல் தலைச்சுமைதான். சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிரே ஏற வேண்டும். முருகேஸ்வரி, சாந்தம்மாள், பிலோமி என்று மூன்று பெண்கள். இரண்டு நாள் சுமந்தார்கள். வியர்வை பட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு வெந்தது. கழுத்திலும் காது மடலிலும் தோல் உரிந்தது. மூன்றாம் நாள் தூறல் பிடித்தது. நாற்பத்தெட்டு சாக்கு போயிருந்தது. முப்பத்திரண்டு மிச்சம்.

ஜின்சன் ஓடையைத் தாண்டிச் செடிப் பக்கம் போய்ப் பார்க்க மாட்டார். மாலையில் ரோட்டில் நின்று காலிச் சாக்கை எண்ணி வாங்குவார். எத்தனை காலிச் சாக்கோ அத்தனை சாக்கு செடிக்குப் போயிற்று என்று அர்த்தம். உரமானாலும் சுண்ணாம்பானாலும் அந்த எஸ்டேட்டில் அதுதான் வழக்கம். அப்ப சாக்கு காலியானா போதும்தானே என்று முதலில் கேட்டது பிலோமி. மற்ற இருவரும் மூட்டையை இழுக்க ஆரம்பித்தார்கள். வளைவிலிருந்து நூறடி உள்ளே போய், குவியல் குவியலாகக் கொட்டினார்கள். ஈரத்தில் இறுகிப்போன சாக்குகளிலிருந்து சுண்ணாம்பு கட்டி கட்டியாகக் கழன்று விழுந்தது. மேலே பைன் ஊசியை வாரிப் போட்டு மூடினார்கள். சாயங்காலம் எண்பது காலிச் சாக்கைச் சரியாக எண்ணி வாங்கிக்கொண்ட ஜின்சன், சந்தோஷத்தில் மூவருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருடம் காய் அமோகம். எல்லாம் சுண்ணாம்பின் மகிமை என்று ஜின்சன் முதலாளியிடம் சொன்னார், விவசாயிகள் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னார், ஒரு கேடயமும் வாங்கி வந்தார். கேடயத்தை எஸ்டேட் ஆபீசில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதைத் துடைக்கிற வேலை சாந்தம்மாளுக்கு.

செவ்வாய்க்கிழமை யோகப்பிரியாவின் பேராசிரியர் சிவப்பிரகாஷிடமிருந்து போன் வந்தது. வியாழக்கிழமை வருகிறாராம். பாறை பற்றிப் படித்த நிபுணர் ஒருவரையும் கூட்டி வருகிறாராம். துளை போட்டுப் பார்ப்பார்களாம். யோகப்பிரியா பைன் மரங்களைப் பார்த்து நின்று, என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்க ஆரம்பித்தாள். பேராசிரியர் லேசான ஆளில்லை என்று முருகேஸ்வரியிடம் சொன்னாள். போன வருடம் அவள் ஒரு புல்லைத் தவறாகப் பேர் சொல்லிவிட்டாளாம். உனக்கு எது பிடிக்கிறதோ அதுதான் உன் கண்ணுக்குத் தெரிகிறது என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னாராம். இன்னொரு தடவை அப்படி ஆனால் நான் ஊருக்குப் போய்த் தேங்காய் பொறுக்க வேண்டியதுதான் என்று சிரித்தாள். சிரிப்பு நன்றாக வரவில்லை.

புதன்கிழமை காலை, துணியில் பொதிந்த ஒரு கட்டியை அவள் எடுத்துக் காட்டினாள். உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் தட்டை. அந்தப் பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், வரிசை பிசகாமல். கடல் இருந்த காலத்துப் பவளமாக இருக்கலாம் என்றாள். எனக்குச் செடிதான் தெரியும், பாறை தெரியாது. நாளைக்கு அந்த நிபுணர் கையில் இதைத்தான் முதலில் கொடுக்கப் போகிறேன் என்றாள்.

முருகேஸ்வரி அந்தக் கட்டங்களைப் பார்த்தாள். சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பாறை நிபுணர் இதைக் கையில் வாங்குவார். இது என்னவென்று தெரிய ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்தப் பிள்ளை எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நிற்கும்.

வேலை போனால் என்ன ஆகும் என்று ஒரு தடவை யோசித்தாள். மூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுபடி காய் எடுக்கப் போக வேண்டும். மகள் மௌனிகா நர்சிங் முடிக்க இன்னும் மூன்று வருடம். யோசித்து முடிக்கவில்லை. பாதியிலேயே எழுந்து, தான் உட்கார்ந்திருந்த உரச்சாக்கை உதறித் தரையில் விரித்தாள். கட்டியை வாங்கித் தட்டைப் பக்கம் தெரிகிறமாதிரி அதன்மேல் வைத்தாள்.

“இந்தப் பின்னலப் பாரு பாப்பா. அந்தப் பின்னலயும் பாரு.”

யோகப்பிரியா குனிந்து பார்த்தாள். கட்டத்துக்குக் கட்டம் ஒன்றாக இருந்தது. சாக்கைத் தொட்டாள், கல்லைத் தொட்டாள், மறுபடி சாக்கைத் தொட்டாள்.

“பவளமும் இல்ல, பாறையும் இல்ல. சாக்குக்குள்ள நனஞ்சு கெட்டியான சுண்ணாம்பு. நாங்கதான் கொட்டுனோம், மூணு பேரு. சொமக்க மாட்டாமக் கொட்டுனோம். முத நாளே சொல்லியிருக்கணும், வேலை போயிருமேன்னு சொல்லல.”

யோகப்பிரியா அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு நத்தை பெரணி ஓரத்திலிருந்து அடுத்த இலைக்குப் போய்ச் சேரும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று முருகேஸ்வரி எதிர்பார்த்தாள். அவள் நோட்டை எடுத்தாள்.

“எந்த வருசமுங்க்கா?”

“என்னாது?”

“எந்த வருசம் கொட்டுனீங்க? மாசம் தெரியுங்களா? எத்தனை சாக்குங்க?”

முருகேஸ்வரிக்கு வருடம் நம்பராகத் தெரியாது, நாள் தெரியும். மௌனிகா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம். ஜூன் ஒன்றாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை. சாக்கு முப்பத்திரண்டு, ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. லாரி எங்கிருந்து வந்தது என்று யோகப்பிரியா கேட்டாள். பாலக்காட்டுப் பக்கம், வாளையார் தாண்டி என்று டிரைவர் சொன்னதாக ஞாபகம். அதைக் கேட்டதும் அவள் ஒரு சத்தம் கொடுத்தாள், அது சிரிப்பாக முடிந்தது. எங்கூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புங்களா, அதைப் பார்க்கவா நான் மலையேறி வந்தேன் என்றாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முருகேஸ்வரியும் சிரித்துவிட்டாள், பன்னிரண்டு வருடத்துச் சிரிப்பு.

பிறகு யோகப்பிரியா நிதானமாக விளக்கினாள். பாறையென்றால் அது எப்போதும் இருந்தது, செடி எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. கொட்டினது என்றால் தேதி இருக்கிறது. அதற்கு முந்தின நாள் வரை இங்கேயும் வெறும் ஊசிதான். பன்னிரண்டு வருடத்தில் எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது, கன்று எந்த வேகத்தில் வளர்ந்தது என்று எழுதலாம். இது சின்னதுதான், ஆனால் பொய்யில்லை. பேராசிரியர் ஒத்துக்கொள்வாரா என்பதுதான் தெரியாது என்றாள்.

வியாழக்கிழமை ஜீப்பை ஓட்டி வந்தது ஜின்சன். விருந்தாளிகள் வழி கேட்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போக, மரியாதைக்குத் தானே கூட்டி வந்துவிட்டார். முருகேஸ்வரி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். யோகப்பிரியா ஒத்திகை பார்த்த பேச்சு எதையும் பேசவில்லை. கட்டியையும் சாக்கையும் நீட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னாள். பாறை நிபுணர் கட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது ஒரு அருமையான பாலிதீன் காலத்துப் பவளம் என்றார். துளை போடும் கருவி ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

சிவப்பிரகாஷ் சிரிக்கவில்லை. ஒருவருடைய ஞாபகத்தை நம்பி நான் தேதி எழுத முடியாது, வேறு சாட்சி உண்டா என்று கேட்டார். அப்போதுதான் ஜின்சனுக்கு விஷயம் முழுசாக உறைத்தது. முகம் சிவந்தது.

“எண்பது சாக்கும் ஏலத்துக்குப் போனதாக்கும். நான் எண்ணியதல்லே? இவளுக்கு வேலை நீளணும்னு கதை கட்டுது சார்.”

எதிர்ச்சரிவில் காய் எடுத்துக்கொண்டிருந்த சாந்தம்மாளை அவரே கூவி அழைத்தார். தன் ஆள், தன் பக்கம் பேசுவாள் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. முருகேஸ்வரிக்கும் இல்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

சாந்தம்மாள் ஓடையைத் தாண்டி மூச்சு வாங்க வந்து நின்றாள். கையில் ஏலக்காய்க் கறை கறுத்து ஒட்டியிருந்தது. பேராசிரியர் எந்தப் பேச்சும் எடுத்துக்கொடுக்காமல், இங்கே என்ன நடந்தது, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றார். அவள் முருகேஸ்வரியைப் பார்த்தாள். இவள் கதை கட்டுறவளாக்கும் என்று ஜின்சன் பக்கத்திலிருந்து இன்னொரு தடவை சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது.

“முப்பத்திரண்டு சாக்கு. பிலோமி பத்து, இவ பதினொண்ணு, நான் பதினொண்ணு. பள்ளிக்கூடம் தெறக்குறதுக்கு முந்துன வாரம். இவ கத கட்டல சார்.”

“காலிச் சாக்கு எண்பது இருந்ததல்லே?” என்றார் ஜின்சன்.

“காலிச் சாக்கத்தான சார் எண்ணுனீக.”

பாறை நிபுணர் திரும்பி நின்று, மரத்தைப் பார்த்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். ஜின்சன் கையைப் பிசைந்தார். சாந்தம்மாளை என்ன செய்வது என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. அவளுக்குச் சீட்டுக் கிழித்தால் எதற்கென்று முதலாளி கேட்பார். எதற்கென்று சொன்னால் கேடயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசியில் அவர் பேராசிரியரைத் தனியே கூட்டிப் போய், எஸ்டேட் பேரும் தன் பேரும் எதிலும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரும் சரி என்றார். டீ வருவதற்குள் ஜின்சன் தேறிவிட்டார். செடிக்குச் சுண்ணாம்பு பாதி போட்டாலே போதும் என்று தனக்கு அப்போதே தோன்றியதாக நிபுணரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

சிவப்பிரகாஷ் அந்த இடத்தைத் தனியாக ஒரு மணி நேரம் சுற்றி வந்தார். கன்றின் தண்டை அளந்தார், மண்ணை முகர்ந்தார், ஒரு மண்புழுவைக் கையில் எடுத்துவைத்துப் பார்த்தார். இரண்டு வருடமெல்லாம் கிடைக்காது என்று முதலில் சொல்லிவிட்டார். ஒரு வருடம், அடுத்த மழை முடிகிறவரை. தலைப்பிலிருந்து பாறை என்ற வார்த்தையை எடுத்துவிட வேண்டும். பிறகு ஜீப்பில் ஏறும்போது யோகப்பிரியாவிடம், உனக்குப் பிடிக்காததையும் நீ எழுதிக்கொண்டு வந்திருக்கிறாய் என்றார். அவர் வாயில் அதுதான் பாராட்டு என்று அவள் பிறகு சொன்னாள்.

ஒரு வருடம். முருகேஸ்வரி அதை விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டாள். இரண்டில் பாதி. நேற்று காலை இருந்ததற்கு ஒரு வருடம் அதிகம்.

மறுநாள் சாந்தம்மாளுக்கும் இரண்டு நாள் கூலி வாங்கித் தந்தாள் யோகப்பிரியா. எந்தக் குவியல் எங்கே, யார் கொட்டியது, எத்தனை சாக்கு என்று காட்ட வேண்டும். சாந்தம்மாள் பெரணியை விலக்கிக்கொண்டு நடந்தாள். இதோ என்னோடது, நாலு சாக்கு. அதோ இவளோடது. மரத்துல சாய்ச்சுக் கொட்டுனது பிலோமி, அவளுக்கு எப்பவும் சோம்பேறித்தனம். யோகப்பிரியா ஒவ்வொரு குவியலிலும் ஒரு குச்சி நட்டு, பேர் எழுதிய துணியைக் கட்டினாள். சா ஒன்று, மு ஒன்று, பி ஒன்று.

சாந்தம்மாள் தன் குவியல்களில் இருந்த ஞாவல் கன்றுகளை எண்ணினாள். ஐந்து. முருகேஸ்வரியுடையதில் இரண்டு.

“பாத்தியாடி? கொட்டுனாலும் ஒழுங்காக் கொட்டணும்.”

“எனக்கு ஆர்க்கிட் இருக்கு மதினி. ஒனக்கு ஒண்ணுகூடக் கெடையாது.”

“பூவ வச்சு என்ன செய்வ? ஞாவலு பழம் தரும்ல.”

யோகப்பிரியா இரண்டையும் எழுதிக்கொண்டாள். மு மூன்று என்ற துணியைக் கட்டப் போனவளை சாந்தம்மாள் தடுத்தாள். அது தன்னுடைய குவியலாம், அந்த வேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வெற்றிலை போட்டாளாம். முருகேஸ்வரி விடவில்லை. அங்கே செண்பகம் ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது. ஒருவர் வேருக்கு இந்தப் பக்கமும் இன்னொருவர் அந்தப் பக்கமும் கையை இடுப்பில் வைத்து நின்றுகொண்டார்கள். முடிவு தெரியட்டும் என்று யோகப்பிரியா துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.